‘சினை’ ஒரு சொல்லா, இரு சொற்களா?

தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவரை நிறுத்திச் ‘சினைப்பெயர் என்றால் என்ன?’ என்று கேட்டால், ‘உறுப்பைக் குறிக்கும் பெயர், கண், காது, கை, கிளை, இலை’ என்று தடையின்றி விடை வரும். அடுத்து, ‘சினை என்றால் என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘உறுப்பு’ என்பார். ‘சினைமாடு என்கிறோமே, அங்கே எந்த உறுப்பைச் சொல்கிறோம்?’ என்று மேலும் ஒரு வினா எழுப்பினால் மாணவர் மட்டும் அன்று, ஆசிரியரும் சற்றே திகைப்பர். அது வேறு சினை, இது வேறு சினை என்று ஒதுக்கிவிட்டு அடுத்த பாடத்திற்குச் செல்வதே எளிய வழி. கருப்பத்தைக் குறிக்கும் சொல்லை வகுப்பில் விரித்துரைக்கும் கூச்சமும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்?

அப்படி ஒதுக்குவது முறைதானா என்று பார்ப்போம். சினை என்பது இரு வேறு சொற்கள் என்றால் ஆசிரியர் செய்வது சரியே. ஒரே சொல் என்றால், பாதிச் சொல்லைக் கற்பித்துப் பாதிச் சொல்லை நாம் கைவிட்டு வருகிறோம் என்று ஆகிறது.

அகராதிகளைப் புரட்டினால் அரும்பு, முட்டை, கரு, விலங்கின் சூல், மரக்கொம்பு, உறுப்பு எனப் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைக் குறை கூறுவார் இலர். ஆயினும் பொருள்களை வரிசைப்படுத்துவதே அகராதியின் தொழில். ஒரு பொருள் மற்றொன்றிலிருந்து எவ்வாறு கிளைத்தது என்று வழிகாட்டுவது அதன் தொழில் அன்று. அடுக்கி வைத்ததைக் கோத்துக் காட்டும் வேலை படிப்பவர்க்கும் பாடம் சொல்பவர்க்கும் உரியதாகிறது.

முதலில், ஒரே வடிவில் நிற்கும் இரு வேறு சொற்கள் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சூலி என்றால் கருவுற்றவள். சூலி என்றால் கொற்றவை, சிவன் என்றும் பொருள் உண்டு. முன்னது ‘சூல்’ என்னும் தமிழ்ச் சொல்லினின்று வந்தது. பின்னது ‘சூலம்’ என்னும் வடசொல்லினின்று வந்தது. சூலத்தை ஏந்தியவர் சூலி. இரண்டும் எழுத்தளவில் ஒன்றே. பொருளளவில் இரண்டிற்கும் நடுவே கடக்க ஒரு பாலமும் இல்லை. முத்தலை வேலிலிருந்து கருவறைக்கு வழி தேடினால், அது புலமை ஆகாது, விடுகதை ஆகும்.

இத்தகைய விடுகதைக்கு ஆசைப்படுவோர்க்கு எங்கள் பிரிக்பீல்ட்ஸ் நல்ல இடம். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், ஓலையும் பலகையும் நீங்கிச் செங்கல்லால் கட்டும் வழக்கம் ஊன்றியது. அதற்குச் செங்கல் அறுத்துச் சுட்ட சூளைகள் இருந்த நிலமே இவ்வூர்ப் பெயருக்குக் காரணம். சூளை, சூல், இரண்டும் ஒன்றை உள்ளே வைத்து முதிர்விப்பவை என்று யாரேனும் எழுதினால் கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் ளகரமும் லகரமும் வேறு. பழைய வழக்கில் இரண்டையும் இணைக்கும் இடைப்பொருளும் இல்லை. ஒலி ஒத்தால் உறவு என்று சொல்வது தெருவில் பேர் ஒத்தவரை எல்லாம் மாமன் மச்சான் என்று அழைப்பது போன்றது.

ஆகவே நமக்கு வேண்டியது பாலம். ஒரு பொருளிலிருந்து மறு பொருளுக்குக் கால் நனையாமல் கடக்க இயலுமா என்பதே சோதனை. சினையில் அந்தப் பாலம் இருக்கிறது. அது ‘அரும்பு’ என்னும் பொருள்.

சினைத்தல் என்னும் வினைக்கு அரும்புதல், கருக்கொள்ளுதல் என இரு பொருளும் உண்டு. மரத்தின் தோல் ஓரிடத்தில் புடைக்கிறது, புடைத்தது அரும்பாகிறது, அரும்பு நீண்டு கொம்பாகிறது. விலங்கின் உடல் உள்ளே புடைக்கிறது; புடைத்தது கருவாகிறது; கரு வளர்ந்து கன்றாகிறது. தன் உடம்பிலிருந்தே, தன்னோடு ஒட்டியபடியே, புடைத்தெழுந்து வளர்வது எதுவோ அது சினை. மரத்தில் வெளியே நிகழ்வது விலங்கில் உள்ளே நிகழ்கிறது, அவ்வளவே வேறுபாடு. பழந்தமிழர் அதை ஒரே நிகழ்ச்சியாகக் கண்டு ஒரே சொல்லால் குறித்தனர் என்பதே என் கருத்து.

தொல்காப்பிய மரபியலில் மரவகைக்கு உரிய உறுப்புகளாக எண்ணப்படுவனவற்றைப் பாருங்கள்: இலை, முறி, தளிர், தோடு, சினை, குழை, பூ, அரும்பு, நனை. இங்கே சினை என்பதற்குக் கொம்பு என்பதே பொதுவாகக் கொள்ளும் பொருள். அதை மறுக்கவில்லை. ஆயினும் அதன் அக்கம்பக்கத்தில் நிற்பன எவை? முறியும் தளிரும் குழையும் அரும்பும் நனையும் ஆகிய இளந்தோற்றங்கள். முற்றி வைரம் பாய்ந்த அடிமரம் அப்பட்டியலில் இல்லை. கொம்பைக் கூடப் புதிதாய்க் கிளம்பிய ஒன்றாகவே அந்நூல் காண்கிறது என்று கொள்வதில் பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தெங்கும் பனையும் போன்ற புல்வகைக்கு அந்நூல் கூறும் உறுப்புகளில் மடல், ஓலை, பாளை, ஈர்க்கு, குலை எல்லாம் உண்டு, சினை இல்லை. கிளைக்காத மரத்திற்குச் சினை ஏது? நம் தோட்டங்களில் இன்று செம்பனைக் ‘குலை’ வெட்டுகிறோம் என்கிறார்களே, அந்தச் சொல்லும் அப்பட்டியலில் உள்ளதுதான்.

மரத்தின் சொல்லை உயிரினத்திற்கும், உயிரினத்தின் சொல்லை மரத்திற்கும் மாற்றி வழங்குவது தமிழுக்குப் புதிதன்று. கொம்பு மரத்திலும் உண்டு, மாட்டின் தலையிலும் உண்டு. கோடு மரக்கிளையும் ஆகும், யானைத் தந்தமும் ஆகும். கிளை என்றால் சுற்றத்தார். கன்று பசுவுக்கும் உண்டு, வாழைக்கும் உண்டு. தென்னையை வைத்தவர் தென்னம்பிள்ளை என்பார். வாழை குலை ஈன்றது என்பார். இத்தனை சொற்கள் இரு பக்கமும் போய் வரும்போது, சினை ஒன்று மட்டும் இரண்டாகப் பிளந்து நிற்கும் என்று சொல்வோர்தாம் அதற்குக் காரணம் காட்டக் கடமைப்பட்டவர்.

இலக்கியத்தில் ஓரிடம். பட்டினப்பாலையில் பரதவர் சினைச்சுறாவின் கோட்டை நட்டு வழிபடுகின்றனர். சினைச்சுறா என்பதை ‘முட்டையுடைய சுறா’ என்று யாரேனும் விளக்கினால் அங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். நட்டு வைக்கும் அளவுக்கு நீண்ட கொம்புடைய மீன், வாள்போன்ற மூக்கு நீண்ட வேளா என்று கொள்வது பொருந்தும். (இன்றைய விலங்கியலார் அதனைச் சுறாவோடு சேர்க்காமல் திருக்கை இனத்தோடு சேர்ப்பர். கடலில் வலை வீசுபவருக்கு அந்த வேறுபாடு பெரிதன்று.) வேளா, வஞ்சிரத்தையும் வாளையையும் போல நீரில் முட்டை இடுவதன்று. குட்டிகளை உடம்பினுள்ளேயே வளர்த்து உயிரோடு ஈனுவது. ஆகவே அங்கே சினை என்பதற்கு மீன்முட்டை என்று பொருள் கூறினால் கடல் மறுக்கும். கருவுற்ற சுறா என்பதே நேர்பொருள். அகராதியில் அடுத்தடுத்து நிற்கும் இரு பொருள்களில் எதை எடுப்பது என்பதைச் சொல் மட்டும் தீர்மானிப்பதில்லை. சொல்லப்பட்ட உயிரும் தீர்மானிக்கிறது. அத்தொடரில் சினையும் கோடும் அண்மையில் நிற்பதையும் காண்க. இரண்டும் மரக்கிளைக்குப் பெயரானவை; இரண்டும் அங்கே கடல்வாழ் உயிரின் உடம்பைச் சொல்ல வந்திருக்கின்றன.

இனி இலக்கணத்திற்கு வருவோம். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று நன்னூலார் வரிசையில் நாம் மனப்பாடம் செய்யும் சினைக்கு எதிர்ச்சொல் ‘முதல்’. முதல் என்பதற்குத் தொடக்கம் என்னும் பொருள் மட்டுமே இன்று நமக்கு நினைவு வருகிறது. பழைய வழக்கில் அது மரத்தின் அடியும் வேரும் ஆகும். ஆக, முதலும் சினையும் ஒரே மரத்திலிருந்து எடுத்த சொற்கள்: அடிமரமும் அதில் கிளைத்த கொம்பும். முழுமையையும் உறுப்பையும் குறிக்க இலக்கணத்தார் பிறிதொரு சொல்லைத் தேடாமல் இவ்விணையைத் தேர்ந்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. துண்டு, பகுதி, கூறு என்னும் சொற்களெல்லாம் வெட்டிப் பிரித்தலை நினைவூட்டுபவை. சினை என்பதோ முளைத்தலை நினைவூட்டுவது. கை நம் உடம்பில் கொண்டுவந்து மாட்டிய கருவி அன்று, உடம்பிலிருந்து முளைத்தது.

(வட்டிக்குக் கொடுத்த பணத்தையும் முதல் என்கிறோம். அந்த முதல் ஈன்றதுதான் வட்டி. ‘வட்டி குட்டி போடும்’ என்பது வழக்கு. யவன மொழியிலும் பிள்ளைப்பேற்றுக்கும் வட்டிக்கும் ஒரே சொல், ‘தோக்கொஸ்’ என்பது. கடன்பட்டவர் எந்நாட்டவராயினும் அவர் கண்ட காட்சி ஒன்றுதான்.)

வினைமுடிபில் சினைக்குத் தொல்காப்பியர் தரும் சலுகை இதை இன்னும் தெளிவாக்கும். ‘கண்ணன் கால் ஒடிந்து விழுந்தான்.’ ஒடிந்தது கால், விழுந்தவன் கண்ணன். ஒடிந்து என்னும் எச்சம் தன் வினைமுதலாகிய காலோடு முடியாமல் கண்ணனோடு முடிகிறது. இதைக் குற்றம் என்று கொள்ளாமல், சினைவினை முதலின் வினையால் முடியலாம் என்று இலக்கணம் இடம் கொடுக்கிறது. ‘கண்ணன் குடம் உடைந்து விழுந்தான்’ என்று சொல்லிப் பாருங்கள், காது ஏற்காது. குடம் கண்ணனிடம் இருப்பது; கால் கண்ணனாகவே இருப்பது. மாடு சினையாக இருக்கிறது என்னும்போதும் இதே நிலைதான். வயிற்றில் உள்ள கன்று இன்னும் தனி எழுவாய் ஆகவில்லை. ஈன்ற பிறகே அது ‘கன்று’ என்னும் பெயர் பெற்று, தன் காலில் நின்று, தன் வினையைத் தானே கொள்கிறது.

இதைவிட ஆழமான ஒன்றையும் வேற்றுமை மயங்கியலில் அவர் சொல்லியிருக்கிறார். முதல், சினை என்பன பொருளால் வேறுபட்டுக் கிடப்பவை அல்ல. சொல்லுவான் குறிப்பால் அமைபவை என்பது அதன் கருத்து. கை, உடம்பை நோக்கச் சினை. விரலை நோக்க முதல். மகள், தாயை நோக்கச் சேய். தன் பிள்ளையை நோக்கத் தாய். முதலுக்கும் சினைக்கும் உள்ள உறவு தாய்க்கும் சேய்க்கும் உள்ள உறவின் சாயலிலேயே இருக்கிறது. வகுப்பில் ‘சினைப்பெயர்களைப் பட்டியலிடுக’ என்று பயிற்சி கொடுக்கும்போது இந்த உயிர்நாடி அறுந்துபோகிறது. ‘கை’ எப்போதும் சினைப்பெயரே என்று மாணவர் எண்ணிக்கொள்கிறார்.

சினையாகுபெயருக்கு நாம் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு ‘வெற்றிலை நட்டான்’ என்பது. வெற்றிலை என்னும் சினையின் பெயர் கொடியாகிய முதலுக்கு ஆயிற்று என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நட்டவன் உண்மையில் எதை நட்டான்? வெற்றிலைக்கொடியை விதை போட்டு வளர்ப்பதில்லை. முற்றிய கொடியிலிருந்து கணுவோடு ஒரு துண்டை வெட்டி நடுகிறார்கள். அந்தச் சினை வேர்விட்டுத் தானே ஒரு முதலாகிறது. இலக்கண ஆசிரியர்கள் இதை எண்ணித்தான் அந்த எடுத்துக்காட்டைத் தேர்ந்தார்கள் என்று சாதிக்கமாட்டேன். ஆனால் சினை என்னும் சொல்லின் இரு பொருளையும் ஒரே வாக்கியத்தில் கண்ணுக்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அமையாது. மரவள்ளியும் அப்படியே. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் இந்நாட்டு மக்களின் வயிற்றை நிரப்பிய அக்கிழங்கு, கொம்பை ஒடித்து நட்டே பெருக்கப்பட்டது.

மலாயாத் தமிழருக்கு இன்னும் நெருங்கிய சான்று ரப்பர். நல்ல பால் தரும் மரத்தின் கொம்பிலிருந்து ஓர் அரும்பைப் பட்டையோடு பெயர்த்தெடுத்து, இளங்கன்றின் தண்டில் பட்டையைக் கீறிச் செருகிக் கட்டுவர். அரும்பு உயிர் பிடித்ததும் கன்றின் மேற்பகுதியை வெட்டிவிடுவர். அதன்பின் எழும் மரம் முழுவதும் அந்த அரும்பின் மரம். 1925-இல் நிறுவப்பெற்ற மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் பெயர்பெற்ற இனம் இம்முறையிலேயே தோட்டந்தோறும் பரவியது. எத்தனை ஆயிரம் மரமாயினும் அவையெல்லாம் ஒரே மரத்தின் சினைகள். ‘உறுப்பு’ என்று சொல்வதா, ‘வழித்தோன்றல்’ என்று சொல்வதா? இரண்டும் ஆம். இதற்கு ஒரே சொல்லில் விடை வைத்திருந்த மொழி நம்முடையது.

அச்சொல்லை வாயில் வைத்திருந்தவர்களும் அத்தோட்டத்து மக்களே. பால்மரம் வெட்டியவர்கள் லயத்துக்குப் பின்னால் மாடும் ஆடும் வளர்த்தனர். ‘மாடு செனையா இருக்கு’ என்பது அங்கே அன்றாடப் பேச்சு. இலை எலையானதும், நினை நெனையானதும், விலை வெலையானதும் எந்த வழியோ அந்த வழியிலேயே சினை செனையாயிற்று. கொச்சை என்று ஒதுக்க வேண்டிய தனிப் பிழை அன்று. மலையாளிகள் கருவுற்ற பசுவைக் குறிக்க இன்றும் ‘சென’ என்றே சொல்வர். தமிழரும் யாழ்ப்பாணத்தார் வழியினரும் மலையாளிகளும் ஒரே தெருவில் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் அச்சொல்லுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

1950களின் இறுதியில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. பின்னர் ரப்பர் நின்ற நிலங்களில் செம்பனை வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குக் குடியேறினர். மாடு கூட வரவில்லை. மாட்டோடு வழங்கிய சொல்லும் வரவில்லை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வறுத்து வைத்திருக்கும் மீன்சினையைக் கூட ‘மீன் முட்டை’ என்று கேட்டு வாங்கும் இளைஞர் பலர். அதைத் தவறு என்று சொல்வதற்கில்லை. மலாயிலும் ‘தெலோர் ஈக்கான்’, மீன்முட்டை என்றே சொல்வர். ஆனால் சொல்லின் ஒரு பாதி கொட்டிலோடு போக, மறு பாதி இலக்கணப் புத்தகத்தில் மட்டும் தங்க, இரண்டும் ஒன்றை ஒன்று அறியாமல் நிற்கும் நிலை இந்நாட்டில் இவ்வாறே ஏற்பட்டது. பாட்டி அறிந்த சினை பேரனுக்குத் தெரியாது. பேரன் மனப்பாடம் செய்த சினை பாட்டிக்குத் தெரியாது.

இது வெறும் சொல்லாராய்ச்சிச் சுவைக்காகச் சொல்வதன்று. அறிவியல் பாடத்தில் இனப்பெருக்கம் வருகிறது. தமிழில் எழுதிய உடலியல் நூல்களைத் திறந்தால் சினைப்பை, சினைமுட்டை என்னும் கலைச்சொற்கள் எதிர்ப்படும். தமிழகத்தார் வழங்குபவை அவை. இலங்கையில் அதே உறுப்பைச் சூலகம் என்பர். சினைப்பெயரைப் படித்த மாணவருக்குச் சினைப்பை அயற்சொல்லாகவே தோன்றுகிறது. ‘அரும்புவது’ என்னும் அடிப்பொருளை ஒருமுறை காட்டிவிட்டால் இரண்டும் ஒருங்கே விளங்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். சினை என்பது விலங்குக்கு உரிய சொல் ஆயிற்றே, பெண்ணின் உடம்பைச் சொல்ல அதைக் கொள்வது தகுமா? இந்த மறுப்பைப் புறக்கணிக்கக் கூடாது. மரபு அறிந்தவர் உணர்வு அது. மாடு சினைப்படும், பெண் கருவுறுவாள், சூல் கொள்வாள். இந்த வேறுபாட்டைத் தமிழ் விடாது காத்து வந்திருக்கிறது. மலாய்மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு. ‘புந்திங்’ என்பது விலங்குக்கு. பெண்ணைக் குறிக்க அச்சொல்லை ஆண்டால் நாகரிகக் குறைவு. அவளுக்கு ‘மெங்ஙாண்டோங்’ என்பர். அல்லது அரபியினின்று வந்த ‘ஹாமில்’ என்பர். நெல் கதிர்கட்டும் பருவத்தில் மட்டும் அவர்கள் விலங்கின் சொல்லையே எடுத்து ‘பாடி புந்திங்’ என்பர். நம் உழவர் அவ்விடத்தில் சூலைச் சொல்வர்.

ஆயினும் மறுப்பு ஓரளவே செல்லும். கருவுற்ற நிலையைச் சொல்லும்போதுதான் சினை விலங்குக்கு உரியது. உறுப்பைச் சொல்லும்போது அது மனிதருக்கும் பண்டுதொட்டு உரியது. நம் கண்ணும் கையும் சினை என்று எண்ணப்பட்டபோது யாரும் இழிவாகக் கருதவில்லை. சினைப்பை என்பது ஒரு பெண்ணின் நிலையைக் கூறும் பெயர் அன்று; முட்டை அரும்பும் உறுப்பின் பெயர். அதை ஏற்கலாம். சினையுற்ற பெண் என்று யாரேனும் எழுதினால் அதைத் திருத்தத்தான் வேண்டும்.

சூலகம் நல்ல சொல்லே. ஆனால் தமிழகத்துத் தாவரவியல் நூல்களில் அது பூவின் பெண்பாகத்தைக் குறிக்க நிலைபெற்றுவிட்டது. சூல்முடி, சூல்தண்டு, சூற்பை என அதற்கு ஒரு குடும்பமே உண்டு. பூவுக்கும் மனிதருக்கும் இரு நாட்டு நூல்களையும் கலந்து படிக்கும் நம் மாணவர், ஒரே சொல்லை ஒரு பக்கத்தில் மலரின் உறுப்பாகவும் மறுபக்கத்தில் மனித உறுப்பாகவும் காண நேர்கிறது. நம் ஆசிரியர்கள் பூவுக்குச் சூலகத்தையும் உடலுக்குச் சினைப்பையையும் வைத்துக்கொண்டால் அந்தக் குழப்பம் தீரும். சினைப்பையைக் கரும்பலகையில் எழுதும் நாளில், பக்கத்தில் ஒரு கிளையும் அதன் கணுவில் ஓர் அரும்பும் வரைந்து காட்ட இரண்டு நிமிடம் போதும்.